வயருக்கு விட்ட ஓட்டை

மூக்கம்மாளின் வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. கொத்தனார் தெரியாமல் விட்டதல்ல. கூடவே நின்று, இந்த இடம், இவ்வளவு உயரம், ரெண்டு விரல் போகிற அளவு என்று அவளே சொல்லி வைத்த ஓட்டை. "எதுக்குக்கா இது?" என்று கேட்ட கொத்தனாரிடம், "டிவி வயரு வாரதுக்குய்யா. இதுகூடத் தெரியாமத்தான் வீடு கட்ட வந்தியா?" என்று சிரித்தாள். அவனும் பாவம், காசு கொடுக்கிறவள் சொல்கிறாளே என்று விட்டுவிட்டான்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனைக்கரைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து லயத்தில், ஒரே தகரக் கூரைக்குக் கீழே எட்டுக் குடும்பம் வரிசையாக இருக்கிற அந்த நீளக் கட்டடத்தில், ஆறாம் நம்பரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள் அவள். அங்கே எல்லா வீட்டிலும் கூரைக்குக் கீழே ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியே ஒரு கறுப்பு வயர் வரும். அதை டிவியில் செருகினால் படம். வயர் எங்கேயிருந்து வருகிறது, யார் இழுத்தது என்று அவள் கேட்டதில்லை. தோட்டத்து ஆபீஸ் எப்போதோ ஏற்பாடு செய்து, சம்பளத்தில் எங்கோ ஒரு மூலையில் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டை இருந்தால் வயர் வரும் என்பதுதான் அவள் கண்டது.

அவளுக்கும் புருஷனுக்கும் வேலை முடிந்ததும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பி.எஃப். பணத்தில் சக்குபள்ளம் பக்கம் அஞ்சு சென்ட் வாங்கி, ரெண்டு அறையும் ஓர் அடுக்களையுமாக வீடு கட்டினார்கள். கட்டினார்கள் என்ன, கட்டினாள். அவள் புருஷன் சின்னமுத்து செங்கல் இறங்கிய அன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளியே ஆயுசு போன மனுஷன், தீ எரிகிற இடம் தவிர வேறெதிலும் அக்கறை கிடையாது.

பால் காய்ச்சுகிற அன்று உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். ஒழுகுகிற கூரையிலும், ஒரே குழாயடியில் எட்டு வீட்டுச் சண்டையிலும் வெந்து போனவள் ஆயிற்றே, கறாராகச் சொல்லிவிட்டாள். "லயத்துச் சாமான் ஒண்ணுகூட இந்த நிலைவாசலைத் தாண்டக் கூடாது. எல்லாம் புதுசுதான்." பழைய கட்டில், நசுங்கின குண்டான், பின்னால் பெரிய முதுகுள்ள அந்தப் பழைய டிவி, எல்லாம் ஆறாம் நம்பரிலேயே கிடந்தன. சின்னமுத்து மட்டும் வாசலில் நின்று, "அப்ப நான்? நானும் லயத்துச் சாமான்தானடி?" என்றான். வந்திருந்த சனம் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

அன்றைக்குச் சிரித்ததற்கு இப்போது அஞ்சு மாசமாக அனுபவிக்கிறாள். சாயங்காலம் ஆறு மணி அடித்தால் போதும், சின்னமுத்து கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே லயத்துக்கு ஏறிவிடுவான். அரை மணி நேர ஏற்றம். கேட்டால், "மூணாம் நம்பர் முனீஸ்வரன் வீட்ல செய்தி பாத்துட்டு வாரேன்" என்பான். ஒன்பது மணிக்கு வருவான், சாப்பிடுவான், படுப்பான். அவ்வளவுதான் அந்த வீட்டில் அவன் வாழ்ந்த வாழ்வு.

மூக்கம்மாள் தனியாக உட்கார்ந்து டைல்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன தரை, என்ன தரை! மூஞ்சி தெரியும். ஆனால் அதில் தன் மூஞ்சியை மட்டும் எத்தனை நேரம் பார்ப்பது? மழையில் வழுக்கி ஒருநாள் முழங்கால் சிராய்த்து வந்தான். "மனுஷன் குடியிருக்காத வீட்டை எதுக்குக் கட்டுனேன்?" என்று அன்று அவள் வாய்விட்டு அழுதாள். அவன் மறுநாளைக்கென்று டார்ச்சைத் துடைத்து மூலையில் வைத்தான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இவன் ஒருநாள் அங்கேயே தங்கிவிடுவான் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது.

திருப்பூரில் இருக்கிற மகள் மாரீஸ்வரி போனில் வழி சொன்னாள். "எம்மா, ஒரு டிவியை வாங்கி மாட்டு. அப்பா ஏன் வெளிய போறாரு?"

அதானே! இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? சுவரில் ஓட்டைகூடத் தயாராக இருக்கிறதே.

மறுநாளே குமுளிக்குப் பஸ் ஏறினாள். கடை என்றால் கடை, சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே மீன் ஒரே நேரத்தில் நீந்தியது. விற்கிற பெண் ஜிஸ்மி, மலையாளக்காரி, சிரித்த முகம்.

"சேச்சிக்கு எத்ர இஞ்சு வேணும்?"

"நல்லா தெரியணும்த்தா. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்."

"அப்போ முப்பத்திரண்டு மதி, அது போதும். ஸ்மார்ட் எடுத்தோ. வீட்டில் வைஃபை உண்டோ?"

மூக்கம்மாளுக்கு அது என்ன சாமான் என்று தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் டிவி தரமாட்டார்களோ என்று, "வாங்கிரலாம்" என்றாள்.

"கேபிள்?"

இது தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். "ஓட்டை விட்டிருக்கு."

ஜிஸ்மி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தாள். வீட்டு நம்பர் கேட்டாள். சொந்த வீடா, வாடகையா என்று கேட்டாள். "சொந்தம்" என்றாள் மூக்கம்மாள், பக்கத்தில் மிக்சி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் ஏலச்செடி அடியில் குனிந்து காய் எடுத்திருக்கிறாள். அது தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பெரிதாகத் தெரியாது.

மூன்றாம் நாள் ஜீப்பில் டிவி வந்தது. கடையிலிருந்து வந்தவர் ஓட்டைக்கு நேர் கீழே சுவரில் துளை போட்டு மாட்டினார். புதுப் பெயிண்டில் வெள்ளைத் தூள் கொட்டியபோது முந்தானையால் துடைத்துவிட்டாள். சுவிட்சைப் போட்டார். நீலமாக ஒரு திரை வந்தது. சிக்னல் இல்லை என்று எழுத்து நின்றது.

"கேபிள் எவிடே?" என்றார் அவர்.

மூக்கம்மாள் ஓட்டையைக் காட்டினாள். அவர் நாற்காலி மேல் ஏறி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்த்தார். அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து நாவல் மரம் தெரிந்தது. "ஒந்நும் இல்லல்லோ சேச்சி" என்று இறங்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் சின்னமுத்து நீலத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மஃப்ளரை எடுத்தான்.

கேபிள்காரன் ஜினோவைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவர ஒரு வாரம் ஆனது. அவன் பைக்கை விட்டுக்கூட இறங்கவில்லை. "அம்மச்சி, எங்க லைன் அந்தக் குருசடி வளைவுல, சிலுவை நிக்கிற எடத்தோட தீர்ந்து. இங்கோட்டு வரணும்னா நடுவுல தோட்டம். தோட்டத்துக்குள்ள போஸ்டு நாட்டணும். மேனேஜர் சம்மதபத்திரம் எழுதித் தந்தா நாளைக்கே இழுத்துத் தாரேன்."

"அது யாருப்பா வாங்குறது?"

"சொந்த வீடல்லே? வீட்டுக்காரங்கதான் வாங்கணும்."

சொந்த வீடு, சொந்த வீடு! லயத்தில் இருந்தபோது பல்பு போனால்கூடச் சூப்பர்வைசரைப் பார்த்துக் கத்தலாம். அவர் காதில் வாங்குகிறாரோ இல்லையோ, கத்துவதற்கு ஓர் ஆள் இருந்தார். இப்போது யாரைப் பார்த்துக் கத்துவது? அவளுக்கு அவள்தான் மிச்சம்.

அதே தோட்டத்து ஆபீசுக்கு, அவள் வேலை பார்த்த அதே ஆபீசுக்கு, சேலை மாற்றிக்கொண்டு காலையிலேயே போனாள். உள்ளே போகச் சொல்வதற்கே பதினொன்றரை ஆனது. மேனேஜர் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். அங்கே அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதுகைச் சாய்க்காமல் நாற்காலி நுனியில் இருந்தாள்.

"மூக்கம்மா, போஸ்டு நடுற விஷயம் என் கையில இல்ல. அபேட்சை மனு எழுதிக் கொடுங்க, கொச்சிக்கு அனுப்புறேன். வரி கட்டின ரசீது, ஆதார், எடத்தோட ஸ்கெச், மூணும் வைக்கணும்."

"எப்பய்யா பதில் வரும்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். கூலி கூட்டிக் கேட்டபோதெல்லாம் பார்த்த சிரிப்புதான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கடிதம் கொச்சிக்குப் போயிற்றா, குமுளியைத்தான் தாண்டிற்றா, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

கடைசியில் மாரீஸ்வரிதான் கீழே கம்பம் டவுனில் யாரையோ பிடித்து, மொட்டைமாடியில் டிஷ் தட்டு மாட்டுகிற ஜெகன் என்பவனை அனுப்பினாள். தமிழ்ச் சேனல் எல்லாம் வரும் என்றான். மலை ஏறி வந்தவன் தட்டைத் தூக்கிக்கொண்டு கூரையில் ஏறினான். கையில் ஒரு பெட்டி, அது கீய்ங் என்று கத்தினால் சிக்னல். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெட்டி வாயே திறக்கவில்லை.

"அத்தே, அந்த நாவ மரம் மறைக்குது. தென்கிழக்க வானம் தெறந்து கெடக்கணும். ரெண்டு கொப்பை வெட்டிட்டா வந்துரும்."

"ஏலமலை மரம்ப்பா. அதுவும் அடுத்தவன் தோட்டத்து மரம். எலையைக் கிள்ளுனாக்கூட ஃபாரஸ்ட்காரன் வாசல்ல வந்து நிப்பான்."

"அப்ப வீட்டைத்தான் நகத்தணும்" என்றான் ஜெகன். அவனுக்கு அது தமாஷ். அவள் திண்டாட்டம் அவனுக்கு என்ன தெரியும்? மூக்கம்மாள் முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உலகத்துக்கே மேலே வானம் இருக்கிறது. காசு கொடுத்து அஞ்சு சென்ட் வாங்கியவளுக்கு ஒரு தட்டு அகலத்துக்கு வானம் இல்லையாம்!

ஜெகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி நடந்தான். கீழ்ச் சரிவில் சூசையப்பனின் கக்கூஸ் கூரைக்குப் பக்கத்தில் போனபோது கீய்ங் என்று கத்தியது பாருங்கள், அவளுக்கு உயிர் வந்தது. ஓடினாள். சூசையப்பன் மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இதுக்குப் போயி கும்பிடுவீகளா? வச்சுக்கங்க" என்றார் அவர். "ஆனா ஷீட்டு ஒடஞ்சா நீங்கதான் மாத்தித் தரணும்."

"மாத்தித் தாரேண்ணே. ஒங்க புள்ளைகளுக்குப் புண்ணியமாப் போவும்."

தட்டு கக்கூஸ் கூரை மேல் நின்றது. வயர் கொய்யா மரத்தில் ஏறி, வேலியில் தொங்கி, வீட்டின் பின்பக்கமாக வந்தது. மூக்கம்மாள் ஓட்டையைக் காட்டினாள். "அங்கன கொண்டுபோனா வயரு பத்தாதுத்தே" என்று சொல்லி, ஜெகன் பின்சுவரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டான். அவள் ஆசையாக விட்ட ஓட்டை சும்மாவே இருந்தது. குளிர் காற்று வருகிறது என்று அதில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்தாள்.

படம் வந்தது. அடேயப்பா, என்ன தெளிவு! செய்தி வாசிக்கிற பெண்ணின் காதுத் தோட்டில் கல் எத்தனை என்று சொல்லிவிடலாம். மூக்கம்மாள் வடை சுட்டாள். சின்னமுத்துவுக்கென்றே வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அன்று ஆறு மணிக்கு அவன் போகவில்லை. அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

மூன்று சாயங்காலம் அவன் இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டான். அவள் மாற்றச் சொன்னால் மாற்றினான். கொஞ்சம் அசதியாகச் சாய்ந்தபோது, "சுவத்துல தலைய வைக்காதய்யா, எண்ணெ படும். புதுப் பெயிண்டு" என்றாள். சட்டென்று நிமிர்ந்துகொண்டான். மூன்று நாளும் கழுத்து மஃப்ளரைக் கழற்றவே இல்லை. குளிராக்கும் என்று அவள் நினைத்தாள்.

நாலாம் நாள் அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்தால் நாற்காலி காலி. டிவி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. மூலையில் டார்ச்சைக் காணோம்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு, டிவியைக்கூட நிறுத்தாமல், கதவைச் சாத்திக்கொண்டு தூறலில் மேலே ஏறினாள். எத்தனை பேர் காலில் விழுந்திருக்கிறாள்! கொச்சிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், கக்கூஸ் கூரைக்குக் கும்பிடு போட்டிருக்கிறாள். எல்லாம் இந்த மனுஷன் ரெண்டு மணி நேரம் வீட்டில் இருக்கட்டும் என்றுதானே? இன்றைக்கு நாலு பேர் முன்னால் கையைப் பிடித்து இழுத்து வராவிட்டால் தன் பேர் மூக்கம்மாள் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். மூச்சு வாங்கியது.

மூணாம் நம்பர் வாசலில் முனீஸ்வரனின் பெண்டாட்டி முருகேஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி அந்த மனுஷன்? உள்ளதானே டிவி பாத்துக்கிட்டிருக்காரு?"

முருகேஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்கா? அண்ணன் இங்க வந்து நாலு மாசம் ஆச்சே மதினி. ஒனக்குத் தெரியாதா? ஆறாம் நம்பர்ல பாரு."

ஆறாம் நம்பரில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். புருஷன் ஸ்டோரில் சின்னமுத்து பார்த்த அதே அடுப்பு வேலை, பெண்டாட்டி காய் எடுப்பு, மடியில் ஒரு கைக்குழந்தை. கதவு திறந்திருந்தது. மூக்கம்மாள் வாசலில் நின்றாள்.

அவள் விட்டுவந்த பழைய டிவி, அவள் வைத்த அதே மேடையில், அவள் விட்டுவந்த அதே கறுப்பு வயரில் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ இந்தி நாடகம். ஒரு பெண் அழுதாள், இன்னொருத்தி கத்தினாள். புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னமுத்து தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்குப் பின்னால் வட்டமாக எண்ணெய்க் கறை. முப்பத்தொரு வருஷக் கறை, எத்தனை சுண்ணாம்பு அடித்தும் போகாதது. மஃப்ளர் கழற்றி மடித்துத் தொடைமேல் இருந்தது. தகரக் கூரை ஒழுகி மூலையில் வைத்த குண்டானில் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் அவள் குண்டான்தான்.

அவளைப் பார்த்ததும் அவன் பதறவில்லை. "வந்துட்டியா?" என்றான்.

திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. "ஒனக்கு இந்தி தெரியுமாய்யா?" என்றுதான் கேட்டாள்.

"தெரியாது."

"பெறகு என்னத்தைப் பாக்குற?"

"சும்மா ஒக்காந்திருக்கேன்."

"அங்க நம்ம வீட்ல ஒக்காந்தா ஆகாதா? ஒனக்காகத்தானே நாயா அலைஞ்சு வாங்குனேன்?" குழந்தைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

சின்னமுத்து தொடைமேல் இருந்த மஃப்ளரை இன்னொரு மடிப்பு மடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "கோவிச்சுக்காத மூக்கு. அங்க ஒக்காந்தா யாரு வீட்டுக்கோ விருந்துக்கு வந்த மாதிரி இருக்கு. எப்ப எந்திரிச்சுக் கெளம்புறதுன்னே நெனப்பு ஓடுது. வீடு நல்ல வீடுதான். எனக்குத்தான் அதுல இருக்கத் தெரியல."

பால் காய்ச்சிய அன்று அவன் வாசலில் நின்று கேட்ட கேள்வி அவளுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது. அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லாமல் சிரித்தாளே, இன்றைக்குச் சொல்லலாம் என்றாலும் பதில் இல்லை. தரைக்கு டைல்ஸ் வாங்கலாம், சுவருக்குப் பெயிண்ட் வாங்கலாம், கக்கூஸ் கூரையில் வானம்கூட வாங்கிவிட்டாள். இந்த மனுஷனை அந்த வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? எந்த ஆபீசில் போய் எழுதிக் கொடுப்பது?

அவனைப் போலவே தனக்கும் அந்த இருட்டு அறை பழகின இடமாக இருப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. ஆணி எங்கே, குழி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முப்பது வருஷமாகத் திட்டித் தீர்த்த அறை.

மழை வலுத்தது. குழந்தைக்காரி ஏதோ இந்தியில் சொல்லி, உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவள் வீட்டுக்கு அவளே விருந்தாளி! சின்னமுத்து ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டான். மூக்கம்மாள் உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. நிலைவாசல் படியிலேயே, பாதி நனைந்துகொண்டு உட்கார்ந்தாள். திரையில் அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள், எதற்கு என்று தெரியவில்லை.

"வீட்ல டிவி ஓடிக்கிட்டிருக்கு" என்றாள் மூக்கம்மாள்.

"யாரு பாக்குறா?" என்று கேட்டான் சின்னமுத்து.

"யாரும் இல்ல" என்றாள்.